எடை மிஷினை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் யோகா வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும் மைய உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். திருச்சியில் காலை ஒரு பேட்ச், மாலை ஒரு பேட்ச் என்று பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் தொழில்தான் என் தொழிலும். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யோகாவை எடை குறைப்பு என்று சொல்லி விற்பதை நிறுத்துங்கள். "30 நாளில் 8 கிலோ கியாரண்டி", "தொப்பை கரைய ஐந்தே ஆசனம்" என்ற வரிகளை பேனரிலிருந்தும் ஸ்டேட்டஸிலிருந்தும் எடுங்கள். மெலிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஜோடிப் போட்டோக்களை இறக்குங்கள். வகுப்பு வாசலில் வைத்திருக்கும் எடை மிஷினையும் அப்படியே தூக்கி அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நிதானமாக ஆசனம் செய்தால் செலவாவது ஏறக்குறைய 150 கிலோ கலோரி. மூன்று இட்லி. சூரிய நமஸ்காரத்தை விடாமல் வேகமாகச் செய்தால் கொஞ்சம் கூடும். அதே ஒரு மணி நேரம் கைவீசி வேகமாக நடந்தால் இதைவிடத் தாராளமாகவே செலவாகும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கிலோ கலோரி போக வேண்டும். அப்படியென்றால் 30 நாளில் 8 கிலோவுக்கு, நாள் ஒன்றுக்கு 2,000க்கு மேல். வீட்டு வேலை பார்க்கும் சராசரிப் பெண் ஒருத்தி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் சாப்பாடே அவ்வளவு வராது. ஆசனத்தால் இது நடக்காது என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பேனர் அடிக்கிறோம்.

அப்படியானால் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைகிறதே, அது என்ன? பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். மிஷினில் முள் இறங்கும், கைதட்டுவோம். ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். அப்போது அந்தப் பெண் நம் விளம்பரத்தைச் சந்தேகப்படுவதில்லை. தன் வாயைத்தான் திட்டிக்கொள்கிறாள்.

தொப்பைக்கு என்று தனி ஆசனமும் கிடையாது. காலையும் நெஞ்சையும் தூக்கிப் படகுபோல் உட்காரும் நவாசனம் செய்தால் வயிற்றுத் தசை வலுவாகும், அதன் மேலிருக்கும் கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரையாது. உடம்பு எங்கிருந்து கொழுப்பை எடுப்பது என்று அதுவேதான் தீர்மானிக்கிறது. வயிற்றை உள்ளே தள்ளி மூச்சை வேகவேகமாக வெளியே அடிக்கும் கபாலபாதியைத் தொப்பை மருந்தாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர். பழைய யோக நூல் அதைக் கபம் போக்கும் சுத்திகரிப்பாகத்தான் சொல்கிறது. ரத்தக் கொதிப்பு இருக்கிறதா, குடலிறக்கம் இருக்கிறதா, கர்ப்பமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நாற்பது பேரை உட்காரவைத்து "நூறு அடி, இருநூறு அடி" என்று எண்ணிக்கொண்டிருப்பது ஆபத்து.

ஆனால் நான் இந்த மடலை எழுதக் காரணம் கலோரிக் கணக்கு இல்லை. கிலோவுக்காக உடம்பை வெறுக்கப் பழக்கிவிட்டால், அந்த உடம்புக்கு நம்மால் மூச்சுப் பயிற்சிகூடச் சொல்லித்தர முடியாது. இதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

மல்லாக்கப் படுத்து, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து மூச்சை இழுக்கச் சொல்கிறோம் இல்லையா? நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை கீழே இறங்கினால் வயிறு மெல்ல மேலே எழ வேண்டும். புதிதாக வரும் பெண்களில் பலருக்கு அப்படி எழுவதில்லை. நெஞ்சு ஏறுகிறது, தோள் காதுப் பக்கம் போகிறது, வயிறு உள்ளே இழுத்துக்கொள்கிறது. "வயித்தை விடுங்க" என்றால் விடத் தெரியவில்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்து வயிற்றை எக்கிக்கொண்டு நின்ற உடம்பு அது. பிளவுஸுக்கு அளவு கொடுக்கும்போது எக்கி, கல்யாணப் போட்டோவுக்கு எக்கி, பிள்ளை பெற்றபின் "இன்னும் வயிறு இறங்கலையா?" என்று யாராவது கேட்டதும் இன்னும் இறுக்கி எக்கி, அதுவே பழக்கமாகிவிட்டது. சவாசனத்தில் படுத்ததும் துப்பட்டாவை எடுத்து வயிற்றின் மேல் விரித்துக்கொள்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண்கள் மட்டும் இருக்கும் அறை, ஜன்னலும் சாத்தியிருக்கும். அப்படியும் துப்பட்டா வரும்.

ஐம்பது தாண்டிய ஒரு அம்மா என்னிடம் வந்தார். கழுத்தும் தோளும் கட்டைபோல இறுகியிருந்தன. மேல் நெஞ்சால் மட்டும் மூச்சு விடுகிறவர்களுக்குக் கழுத்துத் தசைகள் நாள் முழுக்க ஓவர்டைம் பார்க்கும், அதனால் வருகிற இறுக்கம். வயிற்றைத் தளரவிடச் சொன்னபோது அவர் கேட்டார்: "எப்படி மேடம் விடறது? விட்டா அசிங்கமாத் தெரியுமே." அவருக்குப் பக்கத்திலேயே படுத்து, என் வயிறு எழுந்து இறங்குவதைப் பார்க்கச் சொன்னேன். பல வாரம் ஆனது. ஒரு நாள் அவர் வயிறு தானாக எழுந்தது. அதன்பிறகு கழுத்து வலிக்காக அவருக்குத் தனியாக எதுவும் நான் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவருடைய எடை எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதே அம்மா எடை மிஷின் வைத்த வகுப்புக்குப் போயிருந்தால்? ஒரு மையத்தில் திங்கள்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். பெயரும் கிலோவும் வெள்ளைப் பலகையில் ஏறும். குறைந்தவருக்குக் கைதட்டல், கூடியவருக்கு "என்னக்கா, சண்டே பிரியாணியா?" அங்கிருந்து விலகி என்னிடம் வந்த ஒரு அக்கா, ஞாயிறு சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். மிஷினில் ஏறுமுன் வளையல், கொலுசு, தலையில் இருக்கும் கிளிப் வரை கழற்றி ஜன்னலில் வைப்பாராம். அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோன வகுப்பில் பிராணாயாமமும் சொல்லிக்கொடுத்தார்கள், தியானமும் சொல்லிக்கொடுத்தார்கள். எது அவர் மனதில் நின்றது?

பழைய நூல்களே உடம்பு மெலிவதைப் பேசுகின்றனவே என்று உங்களில் படித்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். பதினைந்தாம் நூற்றாண்டின் ஹட யோக பிரதீபிகை, யோகம் கைகூடியதற்கான அடையாளங்களைச் சொல்லும் சுலோகத்தில் உடல் மெலிவைத்தான் முதலில் வைக்கிறது. ஆனால் அந்தச் சுலோகம் அங்கே முடிந்துவிடவில்லை. முகத்தில் தெளிவு, குரலில் சுத்தம், கண்ணில் பளிச்சென்ற நிர்மலம், நோயின்மை, நல்ல பசி, நாடி சுத்தி (உயிர்மூச்சு ஓடும் பாதைகள் தூய்மையாவது) என்று தொடர்கிறது. நல்ல பசி! பசி எடுப்பதை யோக சித்தியின் அடையாளமாக எழுதி வைத்தவரின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாம், பசியை அடக்க வெள்ளரிக்காயும் கிரீன் டீயும் எழுதிய டயட் சார்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். எட்டு அடையாளங்களில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து பேனரில் ஒட்டியிருக்கிறோம். திருமூலரின் "உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த் தேனே" என்ற வரி நம் மையங்களில் பாதியின் சுவரிலாவது இருக்கும். அதே சுவரில் போட்டோவில் இருக்கும் ஒரு பெண்ணின் பழைய உடம்பை எல்லோரும் பார்த்து முகம் சுளிப்பதற்காக மாட்டி வைக்கலாமா?

எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைப் பார்க்கும் கணக்கு) 25 அல்லது அதற்கு மேல், அதாவது அதிக எடை. ஆண்களில் 37 சதவீதம். முட்டி தேய்ந்தவரிடமும் சர்க்கரை ஏறியவரிடமும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. எடையில் 5 சதவீதம் இறங்கினாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நல்ல பக்கம் திரும்பும். அது டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய விஷயம். வெள்ளைப் பலகையில் ஏறவேண்டிய விஷயம் இல்லை. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் வகுப்பில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேர். எடை கூடியவர்களுக்கு ரத்தசோகை இருக்காது என்றும் நினைக்காதீர்கள், இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும். அவர்களிடம் "ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துங்க" என்று சொல்ல நாம் யார்? தைராய்டு குறைவாலும், சினைப்பைக் கோளாறான பி.சி.ஓ.டி.யாலும், ஸ்டீராய்டு மாத்திரையாலும், மனநல மருந்துகள் சிலவற்றாலும் எடை கூடும். மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, களைப்பு என்று ஒருத்தி சொன்னால் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பவுடர் டப்பா விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உணவுக்குப் பதில் குடிக்கும் பவுடரும் மூலிகைக் கேப்ஸ்யூலும் இப்போது பல வகுப்புகளில் ஆசிரியர் மேஜையிலேயே அடுக்கியிருக்கின்றன. மருந்தைக் கொண்டு குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் உண்டு. உடல் பருமன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தயவுசெய்து படித்துப் பாருங்கள்.

சென்னையில் நடந்த ஒரு ஆய்வை நம் எல்லோருக்கும் நினைவுபடுத்த ஆசை. இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேர் நோயாளி ஆனார்கள். சாப்பாட்டை மாற்றி, தினமும் நடந்தவர்களில் 39 பேர்தான். இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி வேறு. நடந்தவர்களின் எடை சொல்லும்படி குறையவே இல்லை! முள் அசையாமலேயே பலர் நோயிலிருந்து தப்பியிருக்கிறார்கள். எடை மிஷினை மட்டும் நம்பும் வகுப்பில் இவர்கள் எல்லோரும் தோற்றவர்கள். மூன்றாவது மாதம் மனம் வெறுத்து வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பி.எம்.ஐ. ஒன்றை மட்டும் வைத்து ஒருவரின் உடல்நலத்தை எடைபோட முடியாது என்று லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழுவும் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

பருத்த உடம்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நம்மில் பலர் கற்றுக்கொள்ளவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். முன்னால் குனிய முடியவில்லை என்றால் "வெயிட் குறையட்டும், தானா வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறோம். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் கால்களை இடுப்பகலத்துக்குப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள், வயிற்றுக்கு இடம் கிடைக்கும். பின்பக்கத்துக்குக் கீழே மடித்த போர்வை ஒன்று வையுங்கள், இடுப்பு முன்னால் சாயும். கைக்கு எட்டாத பாதத்தை ஒரு பழைய துண்டால் சுற்றிப் பிடிக்கட்டும். மண்டியிட்டுக் குனியும் பாலாசனத்தில் முட்டியை அகட்டி, நெற்றிக்கு ஒரு தலையணை. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தில் மார்பு அழுந்தி வலிக்கிறது என்று வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். நீங்களே கேட்டு, சுவரில் கைவைத்து நின்றபடி செய்யச் சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்கு நாற்காலி. கை இல்லாத, நகராத நாற்காலியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். "இதுல உக்காந்தா உடைஞ்சிடுமோ" என்ற பயத்தோடு உட்காருகிறவருக்கு ஆசனத்தில் எங்கே சுகம் வரும்? நிலையாகவும் சுகமாகவும் இருப்பதைத்தானே பதஞ்சலி ஆசனம் என்றார்.

இது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. புகழ்பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் சின்ன வயதில் காசநோயும் டைபாய்டும் தின்ற உடம்போடு வளர்ந்தவர். கட்டை, கயிறு, நாற்காலி, பெல்ட் எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்தார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் இளம் பையன்களுக்குத் துள்ளலும் பாய்ச்சலுமாகக் கற்பித்தவர். சென்னைக்கு வந்தபின் ஒவ்வொருவர் உடம்புக்கும் வயதுக்கும் ஏற்பத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழியில்தான் வந்தது. நம் மண்ணிலேயே இப்படி ஒரு மரபு இருக்கும்போது ஒரே வரிசையை நாற்பது பேருக்கும் ஒரே அளவாகத் தைத்துப் போடுவது நியாயமா?

சின்னப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போன கோடை விடுமுறையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கூட்டி வந்தார். "இவ குண்டாயிட்டே போறா மேடம், அத்தை வீட்டு விசேஷத்துக்குள்ள குறைச்சிடணும்." அந்தப் பெண் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னாலேயே அம்மாவிடம் சொன்னேன்: வளர்கிற உடம்பு இது, உயரம் கூடுமுன் சதை போடும், இவளுக்கு டயட் கிடையாது, இங்கே யாரும் இவளை எடை பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டுப் போனார். விருட்சாசனத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதில் அந்தப் பெண்ணை என் வகுப்பில் யாரும் மிஞ்ச முடியாது. பதின்வயதில் பட்டினி கிடந்து பழகும் பிள்ளைகளில் சிலருக்கு அது உண்ணும் கோளாறாக முற்றிவிடும். மனநோய்களில் உயிரை அதிகம் குடிப்பவற்றில் அதுவும் ஒன்று. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கிலோவைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்று நாம் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும்.

"எடை குறையும்னு போடலைன்னா யார் வருவா?" என்ற கேள்வி எனக்குப் புரிகிறது. மாடி வாடகை, கரண்ட் பில், மேட் வாங்கிய கடன் எல்லாம் எனக்கும் உண்டு. நான் பார்த்தவரை, கிலோவுக்காக வருகிறவர் கிலோவையே எண்ணுகிறார். எடை இறங்க இறங்க உடம்பின் தேவையும் இறங்குவதால் முள் ஒரு இடத்தில் நின்றுவிடும். அந்த மாதமே ஆளும் நின்றுவிடுவார். "முதுகு பிடிப்பு விட்டுடுச்சு", "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வர்றதில்லை" என்று சொல்கிறவர் வருடக்கணக்காக வருகிறார். நாத்தனாரையும் எதிர்வீட்டு அக்காவையும் கூட்டி வருகிறார். என் போர்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: தரையில் உட்கார்ந்து எழ, மூச்சு வாங்காமல் படி ஏற, நன்றாகத் தூங்க. "மலைக்கோட்டையில தாயுமானவர் சன்னதி வரைக்கும் எங்கயும் உக்காராம ஏறிட்டேன்" என்று ஒருத்தர் வந்து சொல்லும்போது வகுப்பே கைதட்டும். அந்தக் கைதட்டலுக்காக யாரும் தண்ணீர் குடிக்காமல் கிடக்க வேண்டியதில்லை.

எடை குறைக்கத்தான் வந்தேன் என்று நேராகச் சொல்லுகிறவரிடம் நேராகவே பேசுங்கள். யோகா அதில் சின்னப் பங்குதான், சாப்பாடும் நடையும் தூக்கமும்தான் பெரும்பங்கு என்று சொல்லுங்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வேகமாகும் அளவுக்கு உடலுழைப்பு, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. காவிரிக் கரையில் நடக்கச் சொல்லுங்கள். பசிக்கும்போது சாப்பிட்டு, வயிறு நிறைந்தது தெரிந்ததும் கையை எடுக்க, நிதானமான மூச்சும் உடம்பைக் கவனிக்கும் பழக்கமும் உதவும். நம்மால் கொடுக்க முடிந்தது அது. அதைக் கொடுப்போம்.

ஜூன் 21க்கு இன்னும் பேனர் அச்சுக்குப் போயிருக்காது. ஐ.நா. அந்த நாளை யோகா தினமாக அறிவித்தது 2014இல், 2015லிருந்து ஒவ்வொரு வருடமும் அன்று நம் எல்லா வகுப்புகளுக்கும் புது ஆட்கள் வருகிறார்கள். பிரஸ்ஸுக்கு மேட்டரை அனுப்புமுன் அந்தக் கிலோ வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பருத்த உடம்புக்கு ஆசனத்தை எப்படி மாற்றித் தருவது என்று பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் யாராக இருந்தாலும் என் காலை வகுப்பில் வந்து உட்காரலாம். நாற்காலியும் போர்வையும் போதுமான அளவு இருக்கின்றன. கட்டணம் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு யோகா ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி